மொட்டை மாடியில் தோட்டமும் நிலாச்சோறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, செங்கல்பட்டு, கடலூர் போன்ற கடலோர ஊர்களில், கீழே ஒரு தளமோ இரண்டு தளமோ உள்ள தனி வீட்டின் மொட்டை மாடியை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. 20 அடிக்கு 30 அடி, அதாவது 600 சதுர அடி மாடி என்று கணக்கு. அதில் செடியும் வேண்டும், சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும் என்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் என்ன வாங்க வேண்டும்?

எதுவும் வாங்காதீர்கள். ஒரு சாக்குக்கட்டியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். கீழ்த்தளத்தின் சுவர்களும் பீம்களும் எங்கெங்கே போகின்றன என்று பார்த்து, அவற்றுக்கு நேர் மேலே மாடித் தரையில் கோடு போடுங்கள். தொட்டிகள் இந்தக் கோடுகளின் மேலும் கைப்பிடிச் சுவரை ஒட்டியும்தான் வரவேண்டும். நடுவில் குறைந்தது 12 அடிக்கு 15 அடி காலியாக இருக்கட்டும்.

பெரும்பாலோர் செய்வது நேர் எதிர். தோட்டம் என்றால் மாடி முழுக்கப் பை என்று நினைத்து நடுவிலிருந்து அடுக்கிக்கொண்டே வருவார்கள். ஆறு மாதத்தில் துணி உலர்த்தவும் இடம் இராது, விருந்தாளி வந்தால் தக்காளிச் செடியைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும். அதைவிட மோசம், இரண்டு சுவர்களுக்கு நடுவே தொங்கும் காங்கிரீட் தளத்தின் மையத்தில் பாரம் ஏறுவது. தளம் அதிகம் வளைவது அங்கேதான்.

மாடி எவ்வளவு எடை தாங்கும்?

ஆட்கள் ஏறிப் புழங்கும் கூரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ நடமாட்டச் சுமை என்று இந்தியத் தர நிர்ணய விதி (ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி) வைத்திருக்கிறது. ஆள் ஏறாத கூரைக்கு இதில் பாதி, 75 கிலோதான். படிக்கட்டு வைத்துக் கட்டிய மாடி என்றால் முதல் கணக்கு. பிறகு இரும்பு ஏணி போட்டு ஏறும் மாடி என்றால் இரண்டாவது கணக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே தோட்டமும் வேண்டாம், விருந்தும் வேண்டாம்.

இதைப் பைக் கணக்கில் பார்ப்போம். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள வட்டப் பை சுமார் 22 லிட்டர் கொள்ளும். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 18 லிட்டர். தேங்காய் நார்க்கழிவு அதிகமுள்ள கலவை என்றால், தண்ணீர் ஊற்றிய பிறகு 18 முதல் 20 கிலோ வரும். அதே பையில் வெறும் செம்மண்ணை நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். ஒரு சதுர மீட்டரில் நெருக்கி வைத்தால் ஒன்பது பைகள் அடங்கும். நார்க்கழிவுக் கலவையானாலும் அது 180 கிலோ, அதாவது வரம்புக்கு மேல். ஆகவே சதுர மீட்டருக்கு நான்கு பைகளுக்கு மேல் வேண்டாம். இடைவெளி விட்டால் காற்றும் ஓடும், பூச்சியும் குறையும்.

200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்து வைப்பவர்கள் கவனிக்க: நனைந்த பிறகு ஒவ்வொரு பாதியும் 90 கிலோவுக்குக் குறையாது, அத்தனையும் ஒரு சிறு வட்டத்தின் மேல் நிற்கும். இதைச் சுவருக்கோ பீமுக்கோ நேர் மேலே மட்டும் வையுங்கள். போர்ட்டிகோ, சன்ஷேடு, பால்கனி என்று சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் தளங்களின் விளிம்பில் எதையும் வைக்காதீர்கள். பழைய மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய கூரை உள்ள வீடு என்றால், கட்டடப் பொறியாளர் வந்து உத்தரங்களைப் பார்க்காமல் ஒரு தொட்டிகூட ஏற்ற வேண்டாம்.

செடி வைத்தால் மாடி ஒழுகுமா?

செடியால் ஒழுகுவதில்லை. ஏற்கெனவே ஒழுகும் மாடியைச் செடி காட்டிக்கொடுக்கும். வெறும் மாடி மழைக்காலத்தில் மட்டும் நனையும். தோட்டம் உள்ள மாடி தினமும் நனையும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முன்கூட்டியே சோதித்துவிடலாம். மழைநீர் இறங்கும் தூம்புகளின் வாயைச் சாக்கோ துணியோ வைத்து இறுக்கமாக அடையுங்கள். இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டுவையுங்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோதான், எனவே பயமில்லை. மாடி வாட்டமாக இருப்பதால் ஒரு பக்கம் மூன்று அங்குலமும் மறுபக்கம் வெறும் ஈரமுமாக நிற்கும். மேட்டுப் பக்கத்தில் மண்ணால் சிறு வரப்புக் கட்டித் தனியாகச் சோதிக்க வேண்டும். கீழ் அறைகளின் கூரையில், முக்கியமாக விளக்குப் பெட்டியைச் சுற்றியும் சுவரும் கூரையும் சேரும் மூலையிலும், ஓதம் தெரிகிறதா என்று பாருங்கள். வண்ணம் கொப்பளித்தாலோ வெள்ளையாக உப்புப் பூத்தாலோ முதல் வேலை ஒழுகலை அடைப்பது.

பழைய சென்னை வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்த தளத்தின் மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்திருப்பார்கள். ஓடு உடைவது அரிது. ஓடுகளுக்கு நடுவே உள்ள பூச்சுதான் பொடிந்துபோகும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீர்க்காப்பு மருந்து கலந்த சிமென்ட் பாலை இடுக்குகளில் இறக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி கைப்பிடிச் சுவரின் அடியில் இருக்கும்.

பையை நேராகத் தரையில் வைக்கலாமா?

கூடாது. அடியில் ஈரம் காயாமல் பாசி பிடிக்கும், பையின் துளை வழியாக வேர் இறங்கி ஓட்டு இடுக்கில் நுழையும். ஒவ்வொரு பைக்கும் மூன்று செங்கல்லை முக்கோணமாகப் போடுங்கள். விளக்குமாறு உள்ளே போகிற உயரம் இருந்தால் போதும். இரும்பு ஸ்டாண்டு வாங்கினால் காலுக்கு ரப்பர் மூடி மாட்டுங்கள். இல்லையென்றால் துருக்கறை ஓட்டில் இறங்கி, என்ன போட்டுத் தேய்த்தாலும் போகாது.

மண் கலவை என்ன விகிதம்?

மாடிக்கு இரண்டு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு செம்மண். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. தரையில் வைக்கும் தொட்டிக்குச் சொல்லும் 'எல்லாம் சம பங்கு' கலவை மாடிக்குக் கனம்.

30 பைக்குக் கணக்கு: 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி நான்கு, மண்புழு உரம் 80 கிலோ, செம்மண் சிமென்ட் சட்டியில் ஒன்பது சட்டி. ஒரு 5 கிலோ கட்டி 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் குடித்து, ஏறக்குறைய 70 லிட்டராக உப்பும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்தால், நட்ட நாற்று பத்து நாளில் இலை நுனி கருகி நின்றுவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போடுவார்கள், அது இன்னும் கெடும். ஊறிய நார்க்கழிவைச் சாக்கில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். முதலில் டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கும். மூன்று முறை செய்தால் இளந்தேநீர் நிறத்துக்கு வரும். அப்போது கலக்கலாம். கட்டி உறையில் 'உப்பு நீக்கியது' என்று போட்டிருந்தாலும் ஒரு முறை கழுவிவிடுவது நல்லது.

எவ்வளவு தண்ணீர், எப்போது?

கத்திரி வெயிலில் 12 அங்குலப் பைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். காலை ஏழு மணிக்குள் முக்கால் பங்கு, மாலை கால் பங்கு. மார்கழியில் அரை லிட்டர் போதும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் வடிகிறதா என்று மட்டும் பாருங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த கருவி இன்னும் கடையில் வரவில்லை.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் பூக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு ஊற்றி அடியில் வடிய விடுங்கள், உப்பு கழுவிக்கொண்டு போகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். அது மாடி கழுவத்தான்.

சொட்டுநீர்க் குழாய் போட்டோம், சில பைக்கு வருகிறது, சிலவற்றுக்கு வரவே இல்லை. ஏன்?

உங்கள் தண்ணீர்த் தொட்டி மாடியிலேயே ஐந்தடி, ஆறடி உயரத்தில் இருக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், ஆறடிக்கு 0.2 பார்கூட வராது. அழுத்தத்தைத் தானே சமன் செய்யும் சொட்டான்கள் (தண்ணீர் சொட்டும் முனைகள்) ஒழுங்காக வேலை செய்ய இதைப்போல் பல மடங்கு வேண்டும். கடைக்காரர் நல்ல சரக்கு என்று அதைத்தான் கொடுத்திருப்பார். உண்மையில் நல்ல சரக்குதான், வயலுக்கு. உங்களுக்குக் குறைந்த அழுத்தத்தில் ஓடும், திருகித் திறக்கும் சொட்டான் போதும். குழாயை ஒரே நீளமாக ஓட்டாமல் நடுவில் பிரித்து இரண்டு கிளையாக விடுங்கள். தொட்டி வாயில் வடிகட்டி கட்டாயம். அதை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும்.

சாயங்கால விருந்துக்கு ஏற்ற செடிகள் எவை?

காலையில் அழகாக இருக்கும் செடிகளை வாங்கி வைத்துவிட்டு, ராத்திரி இருட்டில் அவற்றின் பக்கத்தில் உட்காருவது பொதுவான தவறு. ரோஜா, செம்பருத்தி, செவ்வந்தி எல்லாம் பகல் பூக்கள். ஆறு மணிக்கு மேல் வேண்டியது வாசனையும் வெள்ளை நிறமும்.

அந்திமந்தாரையில் தொடங்குங்கள். பேரைப்போலவே நாலு, ஐந்து மணிக்கு மேல் விரியும். விதை கறுப்பு மிளகு போல இருக்கும், அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும், இரண்டு மாதத்துக்குள் பூக்கும். விதையும் வேரும் நச்சு. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் காய்ந்த விதைகளைக் கூட்டி எடுத்துவிடுங்கள். குண்டுமல்லிக்கு 14 அங்குலத் தொட்டியும் ஆறு மணி நேர வெயிலும் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, தண்ணீரைக் குறைத்து, தை கடைசியில் தொழுவுரம் போட்டால் பங்குனியிலிருந்து கொட்டும். கவாத்து செய்யாமல் 'பூக்கவே மாட்டேன் என்கிறது' என்று சொல்வதில் பயனில்லை, மல்லி புதுக் கிளையில்தான் பூக்கும். நிலச்சம்பங்கிக் கிழங்கை ஒரு பைக்கு மூன்றாக நடுங்கள். மூன்றிலிருந்து நான்கு மாதத்தில் தண்டு எழும்பும்.

இரவுராணி வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் உட்காரும் இடத்துக்குப் பதினைந்து அடி தள்ளி, காற்று போகும் பக்கத்தில். அருகில் இருந்தால் சிலருக்குத் தலைவலியே வந்துவிடும், சாப்பாட்டு வாசனையும் எடுபடாது. அதன் காயும் நச்சு. பவழமல்லி நல்ல மரம்தான். ஆனால் அது உதிர்வது விடியலில். உங்கள் விருந்தாளிகள் அதற்குள் தூங்கியிருப்பார்கள்.

காய்கறியே வேண்டாமா?

வேண்டும், ஓரமாக. கத்தரி, மிளகாய், வெண்டை, கீரை நான்கும் மாடியில் ஏமாற்றாது. தக்காளியைச் சித்திரையில் நட்டுவிட்டுப் பூ உதிர்கிறது என்று மருந்து அடிக்காதீர்கள். இரவு வெப்பம் குறையாவிட்டால் பூ காயாகாது. கடலோரத்தில் தக்காளிக்கு ஐப்பசி, கார்த்திகையில் நாற்று விட்டு, தை, மாசியில் பறிப்பதே கணக்கு. பையும் விதையும் நார்க்கழிவுக் கட்டியும் சேர்ந்த மாடித் தோட்டத் தொகுப்பை அரசுத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுப்பதுண்டு. வட்டார அலுவலகத்தில் இருப்பு உள்ளதா என்று விசாரித்துவிட்டு மற்றதைக் கடையில் வாங்கலாம்.

வாழையும் முருங்கையும் மாடிக்கு வேண்டாம். காற்றில் சாயும்.

கொசு?

இது தனிப் பக்கமே எழுத வேண்டிய விஷயம். சுருக்கமாக: பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை முதலில் எடுத்தெறியுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அழுக்குச் சாக்கடையைத் தேடுவதில்லை, அந்தத் தட்டில் நிற்கும் தெளிந்த தண்ணீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். அதனால் வாரம் ஒரு நாள் மாடியைச் சுற்றி வந்து தேங்கிய தண்ணீர் அத்தனையும் கவிழ்த்தால் சுற்று அறுந்துபோகும். தட்டு மட்டுமல்ல, மடித்து வைத்த தார்ப்பாய் மடிப்பு, டிரம் மூடியின் பள்ளம், ஸ்டாண்டின் வெற்றுக் குழாய்க் கால், பறவைக்கு வைத்த கிண்ணம் எல்லாம் சேர்த்தி. அல்லி, தாமரைத் தொட்டி இருந்தால் நாலைந்து கப்பி மீன் விடுங்கள்.

ஏடிஸ் பகலிலும் அந்தி சாயும் நேரத்திலும் கடிக்கும். இரவில் கடிப்பது வேறு இனம், அது தெருச் சாக்கடையிலிருந்து வருவது, உங்கள் கையில் இல்லை. அதற்கு நல்ல மருந்து ஒரு பெடஸ்டல் ஃபேன். கொசு பலமான காற்றில் பறக்கத் திணறும். உட்காருபவர்களின் முழங்காலுக்குக் கீழே வீசும்படி தாழ்த்தி வையுங்கள். காய்ந்த நொச்சி, வேப்பிலைப் புகை, புகை இருக்கும் வரை வேலை செய்யும். 'கொசு விரட்டும் செடி' என்று நர்சரியில் விற்பது சும்மா தொட்டியில் நின்றால் கொசுவை விரட்டாது. இலையைக் கசக்கினால்தான் எண்ணெயே வெளிவரும்.

பூச்சிக்கு என்ன அடிப்பது? விருந்துக்கு முன் அடிக்கலாமா?

மாவுப்பூச்சி தெரிந்தால் முதலில் வெறும் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சுங்கள், பாதி போய்விடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் தண்ணீரில் கலப்பதற்குச் சில துளி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பின், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. வாரம் ஒன்றாக மூன்று வாரம். செடியில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் அதையும் தடுக்க வேண்டும். எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல்.

விருந்து குறித்துவிட்டால், அதற்கு ஐந்து நாள் முன்பிருந்து மீன் அமிலம், பஞ்சகவ்யம், இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசல் எதையும் தொடாதீர்கள். உங்களுக்கு அந்த வாசனை பழகியிருக்கும். வருகிறவர்களுக்கு அப்படியில்லை. புளித்த மோரும் இதே கணக்கு. வேப்பெண்ணெய் என்றால் இரண்டு நாள் இடைவெளி போதும்.

சாயங்காலம் ஆகியும் தரை கொதிக்கிறது. என்ன செய்வது?

காங்கிரீட் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவு ஒன்பது வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஐந்தரை மணிக்கு ஒரு முறை, ஆறே கால் மணிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்துத் தள்ளிவிடுங்கள். ஒரேயடியாகக் குளம் கட்டினால் புழுக்கம்தான் மிஞ்சும். இரண்டாவது முறைக்குப் பின் அரை மணி நேரம் காய விட்டுப் பாய் விரியுங்கள். கோரைப்பாயின் மேல் பவானி ஜமுக்காளம் போட்டால் சூடும் ஏறாது, உட்காரவும் மெத்தென்று இருக்கும். கோடையின் தொடக்கத்தில் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தால் கீழறைக்கும் சேர்த்துப் பலன் உண்டு.

பச்சை நிழல்வலையைக் காய்கறிக்கு மேல் மட்டும், 35 அல்லது 50 சதவீதம். உட்காரும் இடத்தின் மேல் வேண்டாம். கடற்காற்று உச்சியிலிருந்து இறங்கி வருவதில்லை, பக்கவாட்டில் தென்கிழக்கிலிருந்து வருவது. அந்தப் பக்கம் உயரமான செடிகளை வைத்து அடைத்துவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

நிலாச்சோறு எந்த நாளில் வைப்பது?

பௌர்ணமி அன்றோ, அதற்கு முந்தின நாளோ. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா எழும்பும். எட்டு மணிக்கு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தாமதமாகிக்கொண்டே போகும். விடுமுறைக்காக இரண்டு நாள் தள்ளி வைத்தால் எட்டு மணிக்கு மேல்தான் தலைகாட்டும், அது மேலே ஏறி வெளிச்சம் தருவதற்குள் குழந்தைகள் பாயிலேயே தூங்கிவிடுவார்கள். முந்தின நாள் என்றால் இருட்டும்போதே உயரத்தில் நிற்கும்.

சித்ரா பௌர்ணமிதான் வழக்கமான நாள். ஆனால் நடைமுறையில் மாசி, பங்குனிப் பௌர்ணமிகளே சுகம்: மழையும் இல்லை, தரையும் அவ்வளவு கொதிக்காது, பங்குனி என்றால் மல்லியும் தொடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஆள் கூப்பிட்டால் கூடம் தயாராக இருக்கட்டும்.

பதினைந்து பேருக்கு என்ன, எவ்வளவு?

சித்திரான்னம்தான் மாடிக்கு ஏற்றது. குழம்பு, ரசம் என்று அடுக்கினால் படியேறி இறங்கியே வீட்டுக்காரர் ஓய்ந்துபோவார். ஆளுக்கு ஏறக்குறைய 115 கிராம் அரிசி வீதம் மொத்தம் 1,750 கிராம். புளியோதரைக்கு 600, எலுமிச்சை சாதத்துக்கு 400, தயிர்சாதத்துக்கு 750. தயிர்சாதம் குறைவாக வைத்தவர்கள்தான் வருத்தப்படுவார்கள், கூடுதலாக வைத்தவர்கள் அல்ல.

புளியோதரையைக் காலையிலேயே கலந்துவிடுங்கள், சாயங்காலம் ஊறி நிற்கும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே சேருங்கள், கொதித்தால் கசக்கும். தயிர்சாதத்துக்கு 750 கிராம் அரிசியைக் குழைய வடித்து, ஒன்றரை லிட்டர் காய்ச்சி ஆறிய பாலும் கால் லிட்டர் தயிரும் விட்டுப் பிசைந்து, உப்பைப் பரிமாறும் முன் போடுங்கள். நாலு மணிக்குப் பிசைந்தால் எட்டு மணிக்குப் பதம். மதியமே பிசைந்து வெக்கையில் வைத்தால் புளித்து நூல் விடும். கூடவே மாவடு, மோர்மிளகாய், அப்பளம். மோர்மிளகாயைக் கீழேயே பொரித்து, ஆறியபின் மூடி எடுத்து வாருங்கள்.

வாழையிலை மாடிக் காற்றில் பறக்கும். இலையைப் போட்டதும் தண்ணீர் தெளித்து, நாலு மூலையில் ஏதாவது பரிமாறிவிட்டால் அடங்கும். அல்லது உட்காரவைத்து, வட்டமாக, ஒருவர் நடுவில் இருந்து பிசைந்து கையில் உருட்டிக் கொடுங்கள். நிலாச்சோறு என்றால் முன்பெல்லாம் அதுதான்.

எச்சில் இலையை உரத்தொட்டியில் போடலாம். ஒட்டியிருக்கும் சோற்றையும் எண்ணெயையும் வழித்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் எலி வரும். ஒருமுறை வழி கண்டுபிடித்த எலி அதோடு நிற்காது, கிழங்கையெல்லாம் தோண்டும்.

விளக்கு?

மஞ்சள் ஒளி, 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருப்பது. வெள்ளை விளக்கு பூச்சியை அழைக்கும். இடுப்புயரத்துக்குக் கீழே, தொட்டிகளுக்கு நடுவே வைத்தால் கண் கூசாது, நிலாவும் தெரியும். 12 வோல்ட்டில் எரியும் சரம் வாங்கி, அதன் மின்மாற்றிப் பெட்டியை மாடிப்படிக் கூண்டுக்குள் வைத்துவிடுங்கள். 230 வோல்ட் நீட்டிப்புப் பெட்டியை பாலிதீன் பையில் சுற்றி ஈரத்தரையில் போடுவது ஆபத்து. ஃபேனுக்கு வேறு வழியில்லை என்றால், அந்த இணைப்பில் 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல் கிளம்பினால் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருபது நிமிடம் நிலா வெளிச்சத்தில் பேசிக்கொண்டிருங்கள்.

கரி அடுப்பு வைத்துச் சுடலாமா?

வைக்கலாம், நிழல்வலைக்குக் கீழே அல்ல. அது பாலிஎத்திலின், ஒரு பொறி விழுந்தால் உருகிச் சொட்டும். வலையிலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி, இரண்டு வரிசைச் செங்கல்லின் மேல் அடுப்பை வையுங்கள். நேராக ஓட்டில் வைத்தால் ஓடு வெடிக்கும். அணையாத கரியையோ சிகரெட் துண்டையோ செடிப் பையில் போடாதீர்கள். காய்ந்த நார்க்கழிவு சுவாலையில்லாமல் உள்ளுக்குள்ளேயே புகைந்து, எல்லோரும் தூங்கிய பிறகு பையைப் பிடிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

குழந்தைகள் வந்தால்?

கைப்பிடிச் சுவர் மூன்றரை அடிக்குக் குறைவாக இருந்தால் மாடியில் விருந்தே வேண்டாம். உயரம் சரியாக இருந்தாலும், சுவரை ஒட்டி வைத்த தொட்டி ஒரு குழந்தைக்குப் படிக்கட்டு. உட்காரும் பக்கத்துச் சுவரோரம் ஏறி நிற்க வாகான எதுவும் இருக்கக் கூடாது; அந்தப் பக்கம் கொடிப் பந்தலோ முள் உள்ள போகன்வில்லாவோ இருக்கட்டும். சுவரின் தலையில் தொட்டி வைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். தெருவில் போகிறவர் தலையில் அது விழ ஒரு காகம் போதும்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையை ஒட்டிக் கரையேறியபோது தண்ணீர்த் தொட்டி மூடிகளும் கூரைத் தகடுகளும் பறந்தன. எச்சரிக்கை வந்த அன்றே நிழல்வலையைக் கழற்றுங்கள். வலையோடு நிற்கும் கம்பிச் சட்டம் பாய்மரம் மாதிரி, வலை கிழியாவிட்டால் சட்டமே பெயரும். உயரமான செடிகளைத் தரையில் படுக்கவைத்து, பைகளை ஒன்றோடொன்று நெருக்கிச் சுவர் மூலையில் கட்டுங்கள். இரண்டு நாளுக்கு நெருக்கிவைப்பதால் பாதகமில்லை, சுவரடியில் இருக்கட்டும். நாற்காலி, ஸ்டாண்டு, தகரம் எல்லாம் கூண்டுக்குள். கடைசியாகத் தூம்பின் வாய். ஒரு பிடி சருகும் ஒரு கிழிந்த பையும் சேர்ந்து தூம்பை அடைத்தால் மாடி குளமாகிவிடும். அந்த எடை உங்கள் தோட்டத்தைவிட அதிகம்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைக்கிறது.

செடி வைத்தால் பறவை வரும், பறவை வந்தால் அரசும் ஆலும் வரும். இரண்டு இலைப் பருவத்தில் வேரோடு பிடுங்கினால் வேலை ஒரு நொடி. வெட்டிவிட்டுப் போனால் மறுபடி துளிர்க்கும். வேர் உள்ளே போயிருந்தால் பூச்சை உடைத்து எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

அடுக்கக மாடியில் இதெல்லாம் செய்யலாமா?

பத்திரத்தில் உங்களுக்கென்று எழுதித் தராத வரை மாடி எல்லோருக்கும் பொது. சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒழுகினால் யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல், அது ஏறக்குறையச் சாதாரணப் பேச்சுக் குரலுக்கும் கீழே.

பிரம்ம கமலம் இன்று ராத்திரி மலருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆட்களைக் கூப்பிட வேண்டும்.

முதலில் ஒரு விஷயம்: நம் மாடிகளில் இருப்பது இமயமலைப் பிரம்ம கமலம் அல்ல, இலை போன்ற தட்டைத் தண்டில் பூக்கும் ஒரு கள்ளி வகை. நிஷாகந்தி என்பதும் இதுதான். ஆறு அங்குலத் தண்டை வெட்டி, மூன்று நான்கு நாள் நிழலில் உலரவைத்து, மணல் கலந்த நார்க்கழிவில் இரண்டு அங்குலம் ஊன்றினால் வேர் பிடிக்கும். பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகலாம். பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் இலைதான் வரும்; 10 அங்குலத் தொட்டியில் வேர் நெருங்கி நிற்கட்டும். உச்சி வெயில் படாத இடம். மொட்டு வந்த பிறகு தொட்டியை நகர்த்தாதீர்கள், உதிர்ந்துவிடக்கூடும்.

மொட்டு சில வாரம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு காம்பு தூண்டில் முள் மாதிரி வளைந்து, மொட்டின் முனை மேல்நோக்கித் திரும்பும். அதிலிருந்து ஓரிரு நாள்தான். மலரும் நாளன்று மாலை ஐந்து, ஐந்தரைக்குப் பாருங்கள்: மொட்டு பருத்து, வெளிச்சுற்றின் இளஞ்சிவப்பு இழைகள் மெல்ல விலகி, நுனியில் வெள்ளை எட்டிப் பார்க்கும். முனை இறுகிக் கூராகவே இருந்தால் இன்று இல்லை. விலகியிருந்தால் தயங்காமல் தொலைபேசியை எடுக்கலாம். எட்டு, எட்டரைக்கு வாய் திறந்து வாசனை கிளம்பும், பதினொன்றுக்கு மேல் உள்ளங்கை அகலத்தைத் தாண்டி முழுதாக விரியும், விடியும்போது துணி மாதிரி துவண்டு தொங்கும். எட்டு மணிக்கு வரச்சொன்னால் போதும். யாரும் சீக்கிரம் கிளம்பமாட்டார்கள், காபிக்குப் பால் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.